முதுகு காட்டும் பூக்கள்

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அந்தக் கைகள் தேய்த்துக்கொண்டிருந்தன. தகரத்தின் மேல் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் கலந்து குழம்பாக வழிந்தது. வழிந்ததைப் பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டு, மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்தன. வலது கட்டைவிரல் நகத்தில் எந்தக் காலத்திலோ ஏறிய பெயிண்ட் ஒரு பச்சைக் கீற்றாகத் தங்கிவிட்டிருந்தது. இடது கை, துள்ளுகிற ஆட்டுக்குட்டியை அமுக்கிப் பிடிப்பதுபோல் தகரத்தின் ஓரத்தைப் பிடித்திருந்தது. பதினோரு நாள் வேலை. பதினோரு நாளில் மலர்ந்திருந்த இருபத்திமூன்று பூக்களும் அரை மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் போயின.

"ஏனப்பா செங்கோடா, நல்லாத்தான இருந்துச்சு?"

கேட்டவர் மணிமாறன். அதே கொட்டகையில் டிங்கர் வேலை பார்ப்பவர். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையில் சுத்தியலோடு வந்து நின்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் செங்கோடன், தலை நிமிராமல். "லாரிக்கு நல்லா இருந்துச்சு."

சங்ககிரியில் பவானி ரோட்டோரம் வரிசையாக நிற்கும் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் இவர்கள் இருவரும் சேர்ந்து நடத்துவதும் ஒன்று. நசுங்கியதை மணிமாறன் நிமிர்த்துவார், நிமிர்ந்ததன் மேல் செங்கோடன் வரைவார். இருபத்தியோரு வருடமாக அப்படித்தான்.

செங்கோடனுக்கு ஐம்பத்தாறு வயது. தொழிலை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இருபது வயதில் எடப்பாடிப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சங்ககிரிக்கு வந்து, லோடுக்குக் காத்து நிற்கும் லாரிகளின் பின்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். டிரைவர்கள் திருடன் என்று நினைத்து இரண்டு முறை விரட்டியிருக்கிறார்கள். பார்த்ததை ஊருக்குப் போய்ச் சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் போட்டுப் பார்ப்பார். ஒரு வருடம் கழித்து, யார் கண்ணுக்கும் படாத டீசல் டேங்கின் அடிப்பக்கத்தில் ஒரு தாமரை போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒரு ஓனரிடம் கேட்டார். வீணாய்ப் போனாலும் வெளியே தெரியாதே என்று அவரும் விட்டுவிட்டார். அடுத்த தடவை வந்தபோது அதே ஓனர் பின்பலகையைக் காட்டி, "இங்க போடு" என்றார்.

இன்றைக்கு நாக்பூர் சுங்கச்சாவடியில் நிற்கிற நம்மூர் டிரைவர்களுக்குச் செங்கோடன் தாமரை எது, மற்றவர் தாமரை எது என்று தெரியும். ஒருமுறை இரண்டு கதவிலும் மயில் போட்டு முடித்துச் சாவியையும் கொடுத்தாயிற்று. வண்டி கிளம்பும் நேரத்தில் வலதுபக்க மயிலின் கொண்டையில் ஒரு இறகு குறைவதைப் பார்த்துவிட்டார். வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். சிமெண்ட் லோடு ஒரு நாள் தாமதமானது. டிரைவர் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. அந்த மயில் மட்டும் சரியானது.

லாரிப் பூவுக்கு ஒரு முறை உண்டு. அறுபதில் போகிற வண்டியின் பின்னால் வருகிறவனுக்கு அது ஒரு நொடியில் தெரிந்தாக வேண்டும். அதனால் பூ நேராகப் பார்க்கும். முழுசாக மலர்ந்திருக்கும். இந்தப் பக்கம் என்ன உண்டோ அதுவே அந்தப் பக்கமும் இருக்கும். முப்பத்து நாலு வருடமாக அவர் கை இந்த முறையில் ஓடி ஓடிப் பழகியது. அந்தக் கைதான் இப்போது அவரைக் கவிழ்த்துவிட்டது.

ஆடி மாதம் முதல் வாரத்தில் மஞ்சுளா பட்டறைக்கு வந்தாள். பெரிய ஓனர் கருப்பண்ணனின் மருமகள். அவருக்கு ஆறு லாரி. ஆறும் வருடா வருடம் எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்குப் போகுமுன் இந்தக் கொட்டகைக்குத்தான் வரும். அந்த ஆறு இல்லையென்றால் செங்கோடனுக்கும் மணிமாறனுக்கும் பாதி வருடம் வேலை இல்லை. அதனால் அவளைப் பார்த்ததும் மணிமாறன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. கக்கத்தில் ஒரு நீளக் காகிதச் சுருள் வைத்திருந்தாள்.

"செங்கோடண்ணா, ஒரு படம் வரையணுங்ணா. வண்டிக்கில்ல. ஊட்டுக்கு."

"புது ஊட்டுக்குங்களா? எந்தச் சாமிங்க அம்மிணி?"

"சாமியில்லீங்ணா. பூ."

சுருளை விரித்து, நான்கு மூலையிலும் நட்டு போல்ட்டை எடுத்து வைத்தாள். பழைய காலண்டர் தாள். தேதிகள் இருந்த பகுதி கிழிந்து போயிருந்தது. மேலே படம் மட்டும். கருக்கலைப் போன்ற இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை நிறையப் பூக்கள் எட்டிப் பார்த்தன. வெள்ளையில் சிவப்புக் கோடு ஓடிய கூம்புப் பூக்கள், அடுக்கடுக்கான ரோஜாக்கள், நீலத்தில் ஏதோ பொடிப் பூ. செங்கோடனுக்கு அதில் பாதிக்கு மேல் பெயர் தெரியாது. ஒரு இலையில் புழு தின்ற ஓட்டை. ஒரு ஈ. குடுவையின் இடப்பக்கம் ஒரு நத்தை. ரோஜா ஒன்று கழுத்து முறிந்து தொங்கியது. கீழே கல்மேடையில் ஆறு இதழ்கள் உதிர்ந்து கிடந்தன.

"எந்த ஊர்ப் படமுங்க இது?"

"ஹாலந்துங்ணா. முந்நூறு நானூறு வருசத்துக்கு முன்னால வரைஞ்சது. கல்யாணத்துக்கு முன்னால நான் நாமக்கல்ல குஞ்சு பொரிக்கற பண்ணை ஆபீசுல இருந்தேன். பொரிக்கற மெசினு அந்த ஊர்ல இருந்துதான் வரும். மெசின்காரங்க வருசா வருசம் காலண்டர் அனுப்புவாங்க. இது ஒரு நவம்பர் மாசம். டிசம்பர் வந்தும் நான் திருப்பல. அடுத்த வருசம் வந்தும் கழட்டல. வேலைய உட்டுட்டு வாரப்ப இதத்தான் எடுத்துட்டு வந்தேன். பதினாறு வருசமா பீரோ மேல கெடக்குது."

"பிளெக்ஸ் கடைல குடுத்தாப் பெருசு பண்ணித் தருவாங்களே?"

"குடுத்தேங்ணா, சேலத்துல. அந்தத் தம்பி தொங்கற ரோஜாவக் கம்ப்யூட்டர்ல நிமித்தி, ஈயத் தொடச்சு, கீழ கெடந்த இதழயெல்லாம் அழிச்சு, 'சும்மாவே க்ளீன் பண்ணிட்டேங்க்கா'ன்னு சிரிச்சிட்டே குடுத்துது. நான் என்னத்தச் சொல்றது?"

மணிமாறன் சிரித்துவிட்டார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "டைல்ஸ் மாமா எடுத்தாரு. கேட்டுல சிங்கம் எங்கூட்டுக்காரரு எடுத்தாரு. சமையக்கட்டு மேடைக்குக் கல்லு நாத்தனா எடுத்துச்சு. வாசலுக்கு நேரா இருக்கற செவுரு ஒண்ணு மட்டும் எனக்குன்னு கேட்டேன். செரின்னாங்க. அந்தச் செவுத்துக்குத்தானுங்ணா."

ஆவணி இருபத்தியேழு புதுமனை புகுவிழா. செங்கோடன் ஒத்துக்கொண்டார். நாலடிக்கு மூன்றடி தகரச் சீட்டை மணிமாறன் விளிம்பு மடித்து, பின்னால் மரச்சட்டம் கொடுத்துத் தந்தார். பதினோரு நாளில் வரைந்து முடித்துவிட்டு, செங்கோடன் பெருமையோடு போன் செய்தார்.

மஞ்சுளா வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவள்போலப் பின்கழுத்தைச் சொறிந்தாள்.

"அண்ணா, தப்பா நெனக்கக் கூடாது. உங்க பூவெல்லாம் போட்டோவுக்கு நிக்கறாப்புல நிக்குதுங்."

"எப்படிங்க?"

"எல்லாமே நம்மளயே பாக்குது பாருங்க. அதுல பாதி திரும்பி நிக்குது. இந்த வெள்ள ரோஜா நமக்கு முதுகு காட்டுது. அப்பறம்..." அவள் குனிந்தாள். "நத்தை ஒண்ணுதானுங்ளே அதுல?"

"ஒத்தையா நின்னுச்சு. அக்கட்டால சோடி போட்டேனுங்க" என்றார் செங்கோடன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அவருக்குக் கோபம்தான் வந்தது. காலண்டர் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு இரண்டு நாள் தகரத்தின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு தாளை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மத்தியானச் சோறு ஆறிப் போனது. அப்புறம் எழுந்து போய் உப்புத்தாளை எடுத்தார்.

முதுகு வரையத் தெரியாது என்பதுதான் விஷயம். எத்தனையோ ஆயிரம் பூ போட்ட மனிதன். ஒரு பூவின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. சந்தையில் ரோஜா நாலு வாங்கி வந்து, காலியான சோடா பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்து, பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய பலகையில், தன் பக்கம் காம்பு தெரியும்படி திருப்பி வைத்தார்.

"என்னுங் செங்கோடண்ணா, புதுப்பொண்டாட்டிக்கா?" என்றார் ஒரு டிரைவர்.

"உன்ற வண்டிக்குத்தான். பின்னால போடறேன், முன்னால ஓடும்."

பூ வாடத் தொடங்கியதும் வேறு ஒரு வம்பு. பட்டறையைக் கூட்டுகிற பழனியம்மாளுக்கு வாடிய பூவைக் கண்டால் கை சும்மா இருக்காது. முதல் தடவை பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை, புதிதாக வாங்கி வைத்த பூவில் உதிர்ந்த இதழ்களை மட்டும் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். மூன்றாம் தடவை செங்கோடன் பாட்டிலைத் தன் சைக்கிள் கேரியரில் கட்டி வைத்துக்கொண்டார்.

"வாடுனத வெச்சிருந்தா தரித்திரமுங் சாமி" என்றாள் பழனியம்மாள். "நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வாடறதப் பாக்கத்தான் வாங்கியாந்தேன். நீ கூட்டற எடத்தக் கூட்டு ஆத்தா, போதும்."

அப்படிப் பார்க்கப் பார்க்கத்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பூ வாடுவது இதழிலிருந்து அல்ல, கழுத்திலிருந்து. முதலில் காம்பின் மேல்முனை தளர்கிறது. பூ அப்படியே அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தலையைத் தூக்க முடியவில்லை. இதழ் அதற்கு அப்புறம்தான் ஓரத்தில் பழுப்பு வாங்குகிறது. உதிர்ந்த இதழ் தட்டையாக விழுவதில்லை, படகுபோலக் கவிழ்ந்தோ மல்லாந்தோ கிடக்கிறது. அதன் அடியில் ஒரு மெல்லிய நிழல். காலண்டர் தாளில் அந்த ஆறு இதழுக்கும் அந்த நிழல் அப்படியே இருந்தது. 'இந்த ஆளும் எதையாவது பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டு கூட்டுகிறவளோடு சண்டை போட்டிருப்பான்' என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார். அதிலிருந்து அந்தப் பெயர் தெரியாத ஓவியனை 'நம்மாளு' என்றே சொல்லத் தொடங்கினார்.

இருட்டுதான் எளிதாக வந்தது. கறுப்போடு காவியும் பச்சையும் ஒரு சொட்டு கலந்து மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு தண்ணீர் போட்டுத் தேய்ப்பு. கை வைத்தால் குளம்போல இருந்தது. அதன் மேல் முதலில் பின்னால் நிற்கும் பூக்கள், பிறகு நடுவில் நிற்பவை, கடைசியில் முன்னால் நிற்பவை. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும். லாரியில் இரண்டு பக்கமும் வெளிச்சம் அடிக்கும், கை தானாக வலப்பக்கம் வெள்ளையோடு போகும். போனதை ஒவ்வொரு முறையும் துணியால் ஒற்றி எடுத்தார். குடுவையின் வயிற்றில் ஒரு சன்னல் பிரதிபலித்தது, நாலு கட்டம், ஒவ்வொரு கட்டமும் அரிசியை விடச் சிறியது. அதை அணில்வால் பிரஷில் மூன்று மயிரை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்துவிட்டுப் போட்டார். வெள்ளை ரோஜாவின் முதுகுக்கு மட்டும் நான்கு நாள். காம்பு முனையின் பச்சைக் கிண்ணத்திலிருந்து இதழ் கிளம்பும் இடத்தில் ஒரு வெளிர்மஞ்சள் தேவைப்பட்டது. அது எந்த டப்பாவிலும் இல்லை. வெள்ளையில் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுக் கலந்து கண்டுபிடித்தார்.

ஆவணி பத்தொன்பதாம் தேதி கருப்பண்ணனின் இரண்டு லாரிகள் எஃப்சிக்காகக் கொட்டகைக்குள் வந்து நின்றன. மறுநாள் காலை, வேலை எதுவரை என்று பார்க்க அவரே புல்லட்டில் வந்தார். அறுபத்தெட்டு வயது. கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒரு வண்டி வாங்கி, அதை ஆறாக்கியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. லாரிகளைச் சுற்றி வந்தவர், ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதானா மஞ்சுளா சொன்ன படம்?"

"ஆமாங்க ஓனருங்க. இன்னும் கீழ ரெண்டு இதழ் பாக்கி."

"நல்லாருக்குது... நல்லாத்தான் இருக்குது" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி கிட்டே வந்தார். முகம் மாறியது. "ஏப்பா, இது என்ன, தொங்குது?"

"வாடிப் போச்சுங்க."

"கீழ கெடக்கறது?"

"உதுந்து கெடக்குதுங்க."

"புது ஊட்டுக்கு வாசலுக்கு நேரா வாடுன பூவா?" குரல் ஏறியது. "சாமி படத்துல மால வாடுனாவே மறுநாள் வெக்க மாட்டோம். வாசல்ல காலெடுத்து வெக்கறவன் கண்ணுல மொதல்ல உதுந்ததும் ஈ மொய்ச்சதுமா படணும்? பங்காளிக முந்நூறு பேரு வாரான். பொணத்து மேல போட்ட மாலையாட்டம் இருக்குதும்பான். தொங்கறத நிமித்து. கீழ கெடக்கறதக் கறுப்படிச்சு மறச்சிரு. உனக்குப் பத்து நிமிச வேல."

பத்து நிமிட வேலைதான். செங்கோடன் பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று மணிமாறனுக்குத் தெரியும். அவர் ஓடிவந்து நடுவில் புகுந்தார்.

"ஓனருங்க, அது வேற ஒண்ணுமில்லீங்க, திருஷ்டிக்குங்க! இவ்வளவு அழகா இருந்தாக் கண்ணு பட்ருமில்லீங்களா? கொழந்தைக்குக் கன்னத்துல மை வெக்கறாப்புல அதுல அந்த ஊர்க்காரனே ஒரு கொற வெச்சிருக்கானுங்க. அதுக்குத்தான் ஈ, ஓட்டை, தொங்கறது எல்லாம்."

கருப்பண்ணன் ஒரு கணம் யோசித்தார். முகம் தெளிந்தது.

"அப்படிச் சொல்லு! திருஷ்டிக்கா." மறுபடி படத்தைப் பார்த்தார், இம்முறை வேறு கண்ணோடு. "அப்பச் செரி. மாத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனா அது ஹால்ல வெக்கறது இல்ல. கேட்டுக்கு மேல, வெளிப்பக்கம் பாக்க மாட்டிரலாம். பூசணிக்கா தொங்க உடற எடத்துல. தகரந்தான, மழைக்கும் தாங்கும்."

மணிமாறன் செங்கோடனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முடிந்தது காரியம், வாயை மூடிக்கொள் என்று அர்த்தம். ஒரு தலையசைப்புப் போதும். ஆறு லாரியும் இங்கேயே இருக்கும். படத்தில் ஒரு இதழைக்கூடத் தொட வேண்டியதில்லை. செங்கோடன் அந்தக் கேட்டை நினைத்துப் பார்த்தார். மேற்குப் பார்த்த கேட். இரண்டு பக்கமும் சிமெண்ட் சிங்கம். சாயந்திர வெயில் நேராக அடிக்கும். ஒரு வருடத்தில் சிவப்பு வெளுக்கும், இரண்டாம் வருடம் இருட்டு வெடிக்கும். அதுகூடப் பரவாயில்லை. திருஷ்டிப் படத்தை யாரும் உட்கார்ந்து பார்க்கிறதில்லை. அதன் சோலியே வேறு. பீரோ மேல் பதினாறு வருடம் கிடந்தது இப்போது கேட்டுக்கு மேல் போய்க் கிடக்கும்.

"திருஷ்டி இல்லீங்க" என்றார்.

மணிமாறன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன?"

"திருஷ்டிக்கில்லீங்க ஓனருங்க. இவன் சும்மா சொல்றான். அது வாடுன பூ. வாடுன பூவுன்னு தெரிஞ்சுதான் அம்மிணி கேட்டாங்க, தெரிஞ்சுதான் நானும் போட்டேன். கேட்டுக்குத் திருஷ்டி வேணும்னா ராட்சச மூஞ்சி ஒண்ணு போட்டுத் தாரேனுங்க, பல்லெல்லாம் வெச்சு, சும்மாவே தாரேன். இது ஹாலுக்கு."

"என் ஊட்டு ஹாலுக்கு எது வரணும்னு நீ சொல்றயா செங்கோடா?"

"நான் சொல்லலீங்க. அந்தச் செவுரு அவிங்களுக்குன்னு நீங்கதான் சொல்லியிருக்கறீங்க."

கருப்பண்ணனுக்கு அது சுருக்கென்று பட்டது. துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார்.

"முப்பது வருசமா உன் கையப் பாத்தவன் நான். ஒரு இதழ அழிக்கச் சொன்னா உனக்குக் கௌரவம் கொறஞ்சு போகுதா?"

"அந்த முப்பது வருசமும் நீங்க சொன்ன பூவத்தான் போட்டிருக்கேனுங்க. மலந்தது, சிரிக்கறது, நேரா நிக்கறது. அதுல ஒண்ணாச்சும் கொற சொல்லியிருப்பீங்களா? வண்டிக்கு இன்னமும் அப்படியேதான் போடுவேன். இது வண்டியில்ல. இதுல அந்த ஆறு இதழ எடுத்தா மேல இருக்கறது அத்தனையும் பிளாஸ்டிக் பூவாயிரும். நான் எடுக்க மாட்டேனுங்க. வேற பெயிண்டர உட்டு எடுக்கலாம்னா, இந்தக் கொட்டகைக்குள்ள நான் உட மாட்டேன்."

"அப்ப ரெண்டு வண்டியும் காலைல எடுத்துக்கறேன். மிச்ச நாலும் இங்க வராது."

"எடுத்துக்கங்க. சாவி அந்த ஆணியில தொங்குது."

புல்லட் போன பிறகு மணிமாறன் சுத்தியலைத் தரையில் போட்டார்.

"ஒரு 'ம்' சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? நான் கஷ்டப்பட்டு ஒரு வழி பண்ணிக் குடுத்தா, நீயே அதுல கல்லத் தூக்கிப் போடற. ஆறு வண்டிப்பா! எனக்குந்தான் போகுது."

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"வண்டிக்குன்னா நத்தைய சோடியாவே போட்டுத் தந்துருவேன்" என்றார் செங்கோடன். "இதப் பொய்யச் சொல்லி மாட்ட உட மாட்டேன்."

"வாய் மட்டும் கொறையாது உனக்கு" என்று மணிமாறன் முனகிக்கொண்டே போய் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்று முழுக்கத் தேவைக்கு மேல் சத்தமாகத் தட்டினார்.

வீட்டில் மனைவி சாலம்மாளிடம் சொன்னபோது, அவள் சோற்றுக்கரண்டியைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "மயிலுக்கு ஒரு எறகு கொறைஞ்சதுக்கு லாரிக்கு முன்னால போய்ப் படுத்த ஆளத்தான கட்டிக்கிட்டேன்" என்றாள். "நின்னேன், படுக்கல" என்றார் அவர். "ஆமா, அடுத்த தடவ படு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாள் காலை இரண்டு டிரைவர்கள் வந்து, பாதி தேய்த்து விட்டிருந்த வண்டிகளை அப்படியே எடுத்துப் போனார்கள். ஒருவர் செங்கோடன் முகத்தைப் பார்க்காமல் ஏறினார். இன்னொருவர், "ஓனர் சொல்லிட்டாருங்ணா, நான் என்ன பண்றது" என்றார். "நீ போ சாமி, பாத்து ரிவர்ஸ் எடு, பின்னால பிரைமர் ஈரமா இருக்குது" என்றார் செங்கோடன். கொட்டகையில் இரண்டு வண்டிகள் நின்ற இடம் எண்ணெய்த் திட்டுகளோடு வெறுமையாகக் கிடந்தது.

அவர் மஞ்சுளாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"படம் முடிஞ்சுதுங்ளாண்ணா?"

"ரெண்டு இதழ் பாக்கி."

"முடிங்ணா. இருபத்தஞ்சாந் தேதி நானே வந்து எடுத்துக்கறேன்."

அந்த இரண்டு இதழுக்கும் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். வேறு வேலை இல்லாததால் அவசரமும் இல்லை. கல்மேடையின் விளிம்பில், விழலாமா வேண்டாமா என்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி இதழை இரண்டு முறை துடைத்துவிட்டு மூன்றாம் முறை போட்டார். மூன்றாவதில் அது எடை இல்லாமல் நின்றது. பிரஷைக் கீழே வைத்தார்.

இருபத்தைந்தாம் தேதி மாலை நாலு மணிக்கு ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. மஞ்சுளா முன்சீட்டிலிருந்து இறங்கினாள். பின்னால் இரண்டு பழைய ஜமுக்காளமும் ஒரு சுருள் கயிறும் கிடந்தன. காலியான இடத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் போயிருச்சுங்ளா?"

"போயிருச்சுங்க."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செங்கோடனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

"மாமா நாலு நாளா எங்கிட்டப் பேசறதில்லீங்ணா" என்றாள். "நானும் சோறு போட்டு வெச்சுட்டுப் பேசறதில்ல. எங்கூட்டுக்காரரு நடுவுல நின்னுட்டு ரெண்டு பக்கமும் சேதி சொல்லிட்டு இருக்காரு. செவுத்துல நாலு ஸ்க்ரூ வெக்கணும்னு எலக்ட்ரீசியனக் கூப்பிட்டேன், அவன் மாமாவக் கேட்டுட்டு வாரேன்னான். மெசினப் புடுங்கி நானே ஓட்ட போட்டுட்டேன். தலையெல்லாம் செங்கத் தூளு."

"அய்யா பாத்தாருங்களா?"

"சேரப் போட்டு உக்காந்து பாத்துட்டேதான் இருந்தாரு. 'பங்காளிக கேட்டா நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீயே பதில் சொல்லிக்கோ'ன்னாரு. சொல்லிக்கறேன்னுட்டேன். முந்நூறு பேருக்கும் சொல்றேன், எனக்கென்ன."

மணிமாறன் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து, யாரும் கேட்காமலே படத்தின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். மஞ்சுளா கிட்டே போனாள். வெள்ளை ரோஜாவின் முதுகுக்கு நேராக விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள். அப்படியே கீழே வந்து, தொங்கும் பூவுக்கு வந்து, கல்மேடைக்கு வந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று செங்கோடனுக்குத் தெரிந்தது.

"எல்லாம் இருக்குது" என்றாள்.

"எல்லாம் இருக்குதுங்க."

"நல்லாருக்குதுங்ணா. நெம்ப." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சிடுசிடுப்பாக டிரைவரிடம், "அந்த ஜமுக்காளத்த நல்லா விரி, சுருக்கமிருந்தா தடம் உழுந்துரும்" என்றாள்.

செங்கோடன் படத்தை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். டிரைவர் வாங்கக் கை நீட்டினார். மஞ்சுளா அவரை விலக்கிவிட்டுத் தானே முன்னால் வந்தாள்.

"கனமுங்க அம்மிணி. மரச்சட்டமும் சேந்து."

"தெரியுமுங்ணா. குடுங்க."

"கீழ வெளும்புல கை வெக்காதீங்க, கடைசி இதழ் இன்னும் முழுசாக் காயல. ரெண்டு பக்கமும் புடிங்க. எதுத்தாப்புல சன்னல் இருந்தா சாயந்தரம் கதவச் சாத்திருங்க, வெயில் படக்கூடாது. ஈரத்துணி போட்டுத் தொடைக்க வேண்டாம். தூசின்னா ஊதுனாப் போதும்."

"செரிங்ணா."

"யாராச்சும் எதுக்கு வாடிக் கெடக்குதுன்னு கேட்டா..."

"நான் சொல்லிக்கறேன். நீங்க உடுங்க."

அவள் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்தாள். எடை அவள் தோளுக்கு இறங்குவதை அவர் கையிலிருந்தே உணர்ந்தார். அவள் பிடி இறுகும் வரை பொறுத்திருந்து, முதலில் இடது கையையும், பிறகு வலது கையையும் எடுத்தார்.